கீழே கிடந்த கொப்பு

எங்கள் ஊர் பழுகாமத்தில் வயல் வட்டைக்குப் போகிற வழி காட்டுக்குள்ளால்தான். காட்டில் கால் வைக்கும்போது இலையோடு ஒரு கொப்பை முறித்து மரத்தில் கொழுவிவிட்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு நடப்போம். யானை குறுக்கே வராது என்பது நம்பிக்கை.

போன வருடம் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புறத்தில் ஒரு காட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் என் கை தன்பாட்டில் ஒரு கொப்பை முறித்துவிட்டது.

"என்னப்பா செய்றீங்க? இஞ்ச ஏது ஆனை? மரத்த முறிக்கப்படாதெண்டு எழுதியிருக்கு!" என்று மகள் பதறினாள்.

நாயோடு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். நான் கொப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் ஏதோ கேட்டார்.

"சும்மா முறிச்சதெண்டு சொல்லு மகள்" என்றேன். பிள்ளையாரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மகள் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விளக்கினாள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, கீழே விழுந்து கிடந்த ஒரு காய்ந்த கொப்பை எடுத்து மரத்தில் கொழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"விழுந்து கிடக்கிறத வெச்சாலும் உங்கட சாமி ஏற்பாரா எண்டு கேக்கிறா, அப்பா."

"ஓம்" என்றேன். தெரிந்து சொன்னதல்ல.

இப்போதும் வட்டைக்குப் போகும்போது பழக்கத்தில் கை மேலேதான் போகிறது. பிறகு குனிந்து, கீழே கிடப்பதில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொழுவுகிறேன். அந்த அம்மாவுக்குச் சொன்ன 'ஓம்' பொய்யாகிவிடக் கூடாது.