எங்களுக்கு விளங்கிய ஒரே சொல்

அந்தப் படம் சிஸ்டரம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. புல் மூடிய குன்று, உச்சியில் ஒரு கருங்கல் தூண். ஒன்றன்மேல் ஒன்றாக இருபத்தைந்து கற்கள் என்று சிஸ்டரம்மா சொல்வார். படத்தில் எத்தனை முறை எண்ணினாலும் எனக்குக் கணக்கு ஒத்துவந்ததில்லை. அவருடைய டென்மார்க் தேசத்தில், பிறந்த ஊருக்குப் பக்கத்துக் குன்று அது. அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கோர்ட்டிலும் சர்க்கார் கச்சேரியிலும் ஜெர்மன் மொழிதானாம். வீட்டு மொழியில் வழக்குச் சொல்ல முடியாத ஜனங்கள் அந்தக் குன்றின்மேல் கூடி, தங்கள் மொழியிலேயே உரக்கப் பேசினார்கள். பிற்பாடு அதற்கென்று தூண் எழுப்பினார்கள். மறு வருஷமே போரில் வந்த எதிரிப்படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. விழுந்த கற்களையே எடுத்து மறுபடி அடுக்கினார்கள். "ஒடஞ்ச மூலையெல்லாம் இன்னும் அப்படியே தெரியும் சார். யாரும் பூசி மறைக்கலை" என்பார்.

கொடைக்கானலில் அவர் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நான் முப்பத்தொரு வருஷம் பதிவுச் சீட்டு எழுதினேன். நோயாளிகளிடம் அவர் பேசும் தமிழைக் கேட்டால் வத்தலக்குண்டில் பிறந்தவர் என்றுதான் தோன்றும். "ஏலே, மாத்திரையை முழுங்குலே, மொறைக்காத" என்று அதட்டுவார். அவருடைய சொந்த மொழியைப் பேச இங்கே ஒரு ஆள் கிடையாது. ஊரில் மிஞ்சியிருந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் அமெரிக்கர்கள். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறன்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறுவார். என் நடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. கீழே வெள்ளகவிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, தன் மொழியில் சத்தமாகப் பேசுவார். "பேசலைன்னா துருப்புடிச்சிரும் சார்." நான் குடையோடு பின்னால் நிற்பேன். முடிந்ததும், "இன்னைக்குப் பதினாறு நிமிஷம்மா" என்பேன். "என்ன பேசுனேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? கடியாரத்தைப் பாத்தா அதுல எழுதியா இருக்கும்?" என்று சிரிப்பார். நான் கேட்டதில்லை. அடுத்தவர் பிரார்த்தனையில் தலையிடக் கூடாது என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. மணி பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முதல் தடவை பக்கவாதம் வந்து தேறியபோது என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மறுபடி வந்தா என்னைய மதுரைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. இந்த ரூம்லயே கெடக்கேன்." சத்தியம் செய்தேன். மலைப்பாதைக் குலுக்கலை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

இரண்டாம் தடவை வந்தபோது தமிழ் போய்விட்டது. ஆங்கிலமும் போயிற்று. மூன்று நாள் டேனிஷ் மட்டுமே பேசினார். எங்களைப் பார்த்துத்தான் பேசினார். நாங்கள் தலையாட்டினோம். நான்காம் நாள் காலை, கூக்கால் கிராமத்திலிருந்து வந்து துணைக்கு இருந்த கூக்கால்காரம்மா ஓடிவந்தாள். "சார், வெரசா வாங்க! அம்மா வேன் கேக்குறாங்க."

போய்ப் பார்த்தேன். "வேன்… வேன்…" என்றார். பதினோரு முறை. மூன்று நாளாக ஒன்றும் பிடிபடாமல் தவித்த எங்களுக்கு ஒரு சொல் விளங்கிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம் என்பதை மறைப்பதில் பயனில்லை. "சத்தியம் பண்ணிருக்கேனே" என்று தயங்கினேன். "அவுங்களே வாய்விட்டுக் கேக்குறாங்க, நீங்க என்ன சார் எண்ணிக்கிட்டு நிக்கிறீக?" என்று அதட்டினாள் கூக்கால்காரம்மா. பஜாரில் வேன் வைத்திருந்த பாய்க்குப் போன் செய்தேன். ஒன்பது நிமிஷத்தில் வந்துவிட்டார். வெளியே தூக்கும்போது அம்மா நிலைச்சட்டத்தை இறுகப் பிடித்தார். நோயின் வேகம் என்று நினைத்து ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். இறங்கும் வழியில் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் அவர் கை குளிர்ந்துவிட்டது. அப்போது எண்ணுவதை நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய தங்கை மகள் டென்மார்க்கிலிருந்து வந்தார். கடைசி ஆசையை நிறைவேற்றிய பெருமையோடு அவரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். பதினோரு முறை கேட்டார் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை அம்மா எப்படிச் சொன்னார் என்று அவர் கேட்டார். சொல்லிக் காட்டினேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்து, விரலால் தொட்டு, "வேன்" என்றார். பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

அந்த நான்காம் நாள் காலையும் அம்மாவின் அறையில் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. கட்டிலிலிருந்து நாலடி.

வந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூக்கால்காரம்மா போன வருஷம் இறந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. பாய்க்குக் கண் மங்கிவிட்டது, வண்டியை மகன் ஓட்டுகிறான். பஜாரில் என் குரல் கேட்டால் போதும், டீக்கடையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். "சார்கிட்ட கேளுங்கப்பா. அம்மா வேன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு, ஒம்பது நிமிஷத்துல வாசல்ல நிறுத்துனேன். சாகப்போற மனுஷி கேட்டதைக் குடுத்த கை இது. உண்டா இல்லையா சார்?"

"உண்டு பாய்" என்று இதுவரை பதினான்கு முறை சொல்லியிருக்கிறேன்.