யாருக்கு எதிரி?

கம்ப்யூட்டர் கேமில் கதை எதற்கு என்று கேட்பவர்களோடு நான் இப்போதும் சண்டை போடுகிறேன். மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் எனக்கு வேலை. அங்கே வாரம் ஒரு தடவையாவது இந்தச் சண்டை வரும். "சுடணும், ஓடணும், ஜெயிக்கணும். பேச்சு வந்தா ஸ்கிப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்கள். முடியாது என்பேன். காரணம் என் அப்பா.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். ஓய்வு பெற்று, உக்குவளையில் எங்களோடு இருக்க வந்த வருடமே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பொழுது போகட்டும் என்று தம்பி ஒரு சுடுகிற கேமைப் போட்டு, கீபோர்டை அவர் மடியில் வைத்தான்.

அப்பா சுடவில்லை. "இவன் யாருடா?"

"எதிரிப்பா. சுடுங்க."

"யாருக்கு எதிரி? என்ன செஞ்சான்?"

தம்பிக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேமை முழுசாக முடித்தவன் அவன்.

அதற்குப் பிறகுதான் கதையுள்ள ஒரு கேமைக் கொண்டுவந்தேன். போர் நடக்கிற நாட்டில், காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் மலையேறுகிறாள். பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். அப்பா கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று முடிவெடுப்பார். வேலையிலிருந்து நான் கொஞ்சம் பிந்தி வந்தால், "அந்தப் புள்ள பனியில நிக்குது" என்று கோபிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படைவீரர்கள் அவளைப் பாலத்தில் மறித்தார்கள். அவளை ஒளித்து வைத்துச் சோறு போட்ட கிழவன் எங்கே என்று கேட்டார்கள். சொன்னால் பாலத்தைக் கடக்கலாம். சொல்லாவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். அடிவாரத்திலிருந்து திரும்ப ஏற வேண்டும்.

"சொல்லுக்கா," என்றான் தம்பி. "எல்லாரும் சொல்லிட்டுத்தான் போவாங்க. கிழவன் வெறும் படம்."

"சொல்லாத," என்றார் அப்பா.

"ரெண்டு கிழமையா ஏறினது வீணாப் போகும்ப்பா."

"போகட்டும்." திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "தோட்டத்துல ஸ்ட்ரைக் நடந்தப்ப, யாரு ஆரம்பிச்சதுன்னு தொரை கேட்டாரு. நான் ஒருத்தன் பேரைச் சொல்லிட்டேன். புள்ளகுட்டியோட அவனை லயத்து வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. ஒருக்கா சொன்னது போதும்."

அதுவரை எங்கள் இருவருக்கும் தெரியாத விஷயம் அது. நான் 'சொல்லமாட்டேன்' என்பதை அழுத்தினேன். எல்லாம் போயிற்று.

படம் பார்க்கும்போது காட்டிக்கொடுப்பது வேறு யாரோ; நாம் உட்கார்ந்து பார்க்கலாம். இங்கே விசையில் இருந்தது என் விரல். அந்தக் கிழவன் யாரென்று தெரியாமல் பேச்சையெல்லாம் தாண்டி வந்திருந்தால், நானும் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். கதை வேண்டாம் என்பவர்கள் இதற்கு எனக்கு ஒரு பதில் சொல்லட்டும்.

திரும்ப ஏற மூன்று கிழமை ஆயிற்று. அவள் ஒருவழியாக அண்ணனைக் கண்டுபிடித்தாள். அவனோ ஊருக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். கேம் முடிந்தது. அப்பா தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"இதுக்கா அந்தப் புள்ள இவ்வளவு தூரம் வந்துச்சு? அவன் மூஞ்சியில நான் முழிக்கவே மாட்டேன்!"