என் மௌத்துச் செய்தி

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு இன்று பாலக்காட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் உம்மா நிக்காஹ் சேலை எடுக்க வந்தார்.

"பொண்ணுக்கு எந்த கலர் சேரும்னு பாத்துச் சொல்லு மோளே" என்று போனில் படத்தைக் காட்டினார்.

என் அக்கா மகள்! ஏழு வயது வரை என் பக்கத்தில்தான் தூங்குவாள். நான் கணவரை விட்டு வந்து வேலைக்குப் போனதும் அக்கா உறவை முறித்துக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமானதே எனக்குத் தெரியாது.

பச்சையில் ஒரு சேலையை விரித்துக்கொண்டே, "பொண்ணு வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"வாப்பாவும் உம்மாவும்தான். சின்னம்மா ஒருத்தி இருந்தாளாம். மௌத்தாகி ரொம்ப வருஷமாச்சாம், பாவம்."

"எப்படி மௌத்தானாங்களாம்?"

"அதப் போய் எப்படிக் கேக்கறது? அவங்களுக்கு சங்கடமாயிருக்கும்ல?"

நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் என்னவாகும்? சேலையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா என்னை எப்போதோ பிளாக் செய்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

என் மௌத்துக்கு இன்னாலில்லாஹி சொல்ல விரும்புகிறவர்கள் கீழே சொல்லலாம். எல்லோருக்கும் நானே பதில் போடுகிறேன்.