பூண்டாக்ஸ் சீட்டு

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. பொருள், பிறப்பு, எடுத்துக்காட்டு வாக்கியம், கீழே எழுதியவர் பெயர். பதினெட்டு வருஷமாக எனக்கு வாய்த்ததெல்லாம் பக்கெட்டும் பட்டனும்தான். போன வருஷம் சேர்ந்த என் தங்கைக்கு 'பூண்டாக்ஸ்' கிடைத்தது.

பட்டிக்காட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் 'பூண்டோக்' என்றால் மலை. அங்கே சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக, மலை பட்டிக்காடாகிவிட்டது. இவ்வளவையும் அவளே தோண்டி எடுத்திருந்தாள்.

"உன் தங்கச்சி மூளையே மூளைம்மா!" என்றார் ஆசிரியர். எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் சிவப்புப் பேனாவோடு அவள் மேஜைக்குப் போனேன். ஒரு பிழைகூடவா இருக்காது? பொருள் சரி. பிறப்பும் சரி. எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு வந்தேன்: 'அக்கா கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்காவிட்டால், இன்னும் அந்தப் பட்டிக்காட்டிலேயே கிடந்திருப்பேன்.'

"என்னக்கா, தப்பு ஏதாச்சும் இருக்கா?" பின்னால் வந்து நின்றாள் தங்கை.

"எழுத்துதான் கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்றேன்.

நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள், பாவி.