மறுபாதிக்கு விட்ட இடம்

ஈரத்துணியில் நன்றாகத் துடைத்த பிறகுதான் அந்தக் கைகள் சீட்டைத் தொட்டன. ஆட்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் பசை. சீட்டின் முதுகு முழுக்கப் பூசக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. முழுக்கப் பூசினால் காய்ந்ததும் சீட்டு அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். மைதாவில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சிய பசை அது. துத்தம் போடாவிட்டால் கரப்பான்களுக்கு விருந்து வைத்ததுபோல ஆகிவிடும். சீட்டை ஒட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் இடதுபுறம் வைத்து, மேலே பழைய வேட்டித் துண்டை விரித்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து. வலதுபுறம் அதே அளவுக்கு இடம் சும்மா விடப்பட்டது.

அந்த இடம் மறுபாதிக்கு. பொருட்காட்சி வாசலில் நிற்பவன் சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு இன்னொன்றைத்தான் கையில் கொடுப்பான். ஆகவே ஊர் ஊராக வந்துசேர்ந்த சீட்டுகள் எல்லாமே அரைச்சீட்டுகள். என்றைக்காவது மறுபாதி கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. இருந்தாலும் இடம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்பது யாகப்பனின் கட்டளை. சீட்டுகளைச் சேர்ப்பவர் அவர். ஒட்டும் கைகள் அவர் மனைவி லூர்தம்மாளுடையவை. ரயில்வே கேட்டுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய விரல்களால் முதல் இரண்டு சீட்டுகளைப் பாழாக்கிவிட்டு, மூன்றாவதை அவளிடம் நீட்டியவர்தான். பிறகு அந்த வேலை அவளுடையதாகவே போய்விட்டது.

பொம்மிடி ஸ்டேஷனுக்குச் சேலம் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, பஸ் ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் யாகப்பன் கேட்கீப்பர். அறுபத்தொன்றில் கல்யாணமாகி லூர்தம்மாள் அங்கே வந்தாள். ஒரே அறை, ஓட்டுக்கூரை, வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் தூரம். மெயில் போனால் அடுப்பில் இருக்கும் குழம்பு தானாகவே கிளறிக்கொள்ளும். தண்ணீர்கூட ரயிலில்தான் வரும். பாசஞ்சர் நின்று டிரம்மை இறக்கிவிட்டுப் போகும். பிள்ளை இல்லை. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு புளியமரம்.

ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்தால் எடுக்க ஆள் வேண்டும், கேட்டை இறக்க வேண்டும், ரயில் போகும்வரை பச்சைக்கொடியோடு நிற்க வேண்டும். இரண்டு பேருக்கு மாற்றி மாற்றி வேலை. இன்னொருவரான மாது தன் ஊரிலிருந்து சைக்கிளில் வர வேண்டும். சைக்கிள் பஞ்சராகாத வாரம் இல்லை. அப்போதெல்லாம் யாகப்பன் தூங்க, கொடி லூர்தம்மாள் கைக்கு வரும். சம்பளம் இல்லாத மூன்றாவது ஆள் அவள். கோவிலூரில் தங்கையின் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட ரயில் நேரம் பார்த்துத்தான் போக முடிந்தது.

சீட்டுப் பைத்தியம் யாகப்பனைப் பிடித்ததும் அந்தக் கேட்டில்தான். கேட்டு மூடியிருக்கும்போது பஸ்ஸிலும் காரிலும் இருப்பவர்கள் எங்கும் போக முடியாது. வாய்தான் சும்மா இருக்கும். மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் போய்வந்த ஒரு குடும்பம் காரிலிருந்து எறிந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் சின்னதாய் ஒரு சிங்கத்தின் படம். அன்றிலிருந்து கேட்டை இறக்கியதும் வண்டி வண்டியாக நடக்கத் தொடங்கினார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"மைசூர் தசராவுக்குங்க."

"எக்ஸிபிஷன் சீட்டு வெச்சிருப்பீங்களே, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

பஸ் கண்டக்டர்கள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். "யாராச்சும் ஒரு சீட்டு குடுத்துத் தொலைங்கய்யா, அப்பத்தான் கேட்டு தெறக்கும்!" யாகப்பனுக்கு அதில் கோபமே வராது. பாவாடை மடிப்பிலிருந்தும் சுருக்குப்பையிலிருந்தும் கசங்கிய சீட்டுகள் அவர் கைக்கு வந்துகொண்டே இருந்தன.

பொருட்காட்சி மலர்ப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தது அரூர் லாரி டிரைவர் அர்ச்சுனன். புளியும் நிலக்கடலையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர், சென்னை என்று போகிறவன். அங்கங்கே பொருட்காட்சி வாசலில் விற்கும் வழிகாட்டி மலரை வாங்கிவந்து, லாரியிலிருந்து இறங்காமலே நீட்டுவான்.

"யாகண்ணே, இந்தா உங்க பைபிளு. அண்ணியக் கூட்டிக்கிட்டு நேர்ல ஒருக்கா போய் வந்தாத்தான் என்னவாம்?"

"கேட்ட உங்கப்பனா பாப்பான்?"

"எங்கப்பன் இருந்தா உங்கள உள்ள வெச்சே பூட்டியிருப்பாரு."

மலரில் பல்பொடி விளம்பரமும் தலைக்கு எண்ணெய் விளம்பரமும் போக, நடுவில் மடித்துவைத்த வரைபடம் ஒன்று இருக்கும். யாகப்பனுக்கு அதுதான் உயிர். வேலை முடிந்து வந்ததும் அதை விரித்து விரலால் நடப்பார். "இந்த வாசல்ல நுழையறோம். எடது கைப்பக்கம் வேளாண்மை. அதத் தாண்டுனா மின்சார வாரியம், உள்ள பொம்மை அணைக்கட்டு, நெசமாவே தண்ணி வுழும். மூணாவது தெருவுல கண்ணாடி மண்டபம். ராட்டினம் கடைசில." லூர்தம்மாள் முதல் சில வருஷங்கள் வாய் பிளந்து கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் அவர் விரல் போகும் வழியை இவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

ஒருநாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"ஒரு தடவ கண்ணால பாக்கணுங்க."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கற."

"பேப்பரத்தான பாக்கறேன்."

"புஸ்தகத்துல இல்லாதது அங்க என்ன புதுசா இருக்கப் போவுது?"

அவள் அடுத்த சீட்டுக்குப் பசை தடவினாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தைகளைச் சொன்னாள்: ஒரு தடவ கண்ணால. வருஷா வருஷம் யாகப்பன் குடும்பத்துக்கான இலவச ரயில் பாஸுக்கு எழுதிப் போடுவார். பாஸ் வரும். கேட்டுக்கு மாற்றாள் வரமாட்டான். தேதி கடந்த பாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தச் சமயங்களில் அவர் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று லூர்தம்மாள் கூர்ந்து பார்ப்பாள். கேட்டை மேலே ஏற்றிவிட்டு மூச்சு விடுகிற முகமாகத்தான் அது இருக்கும்.

எழுபத்திரண்டு ஆடியில், சேலம் மாரியம்மன் பண்டிகையை ஒட்டிப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதற்கான மலரை அர்ச்சுனன் ஏற்கெனவே கொடுத்திருந்தான். இந்த முறை யாரும் எதிர்பாராமல் மாற்றாள் வந்து நின்றான். பச்சியப்பன் என்று பெயர். வாயில் வெற்றிலையோடு, "ஒரே நாளு, சாயங்கால வண்டிக்கு வந்துரணும்" என்றான். லூர்தம்மாள் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினாள். யாகப்பன் மலரை மஞ்சள்பையில் வைத்துக்கொண்டார்.

சேலத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனார்கள். தூரத்திலேயே ஒலிபெருக்கி கேட்டது. மூங்கிலும் வண்ணக் காகிதமுமாக ஒரு கோட்டை வாசல். கவுண்டரில் யாகப்பன் இரண்டு சீட்டு வாங்கினார். வாங்கியதும் நகராமல் அங்கேயே நின்று, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இளஞ்சிவப்புக் காகிதம். நடுவில் துளைத்துளையாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கமும் அதே எண். அத்தனை வருஷமும் பாதியாகவே பார்த்தது இப்போது முழுதாக அவர் கையில்.

வாசலில் காக்கிச்சட்டைக்காரன் கையை நீட்டினான்.

"நம்பரப் பாத்துக்குங்க. கிழிக்காம வுட முடியாதுங்களா?" என்றார் யாகப்பன்.

"கிழிச்சாத்தான் உள்ள."

"ரயில்வேல இருக்கறேனுங்க. ஏமாத்தற ஆளு இல்ல."

"ரயில்வேன்னா ரயிலுக்குள்ள போ. சீட்டப் பிரேம் போட்டு மாட்டப் போறியா?"

"ஒட்டப் போறனுங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "ஏனுங்க, உள்ள போறதுன்னா போங்க, இல்லீன்னா ஒதுங்குங்க" என்று இடித்துக்கொண்டு போனாள். யாகப்பன் ஒதுங்கினார். லூர்தம்மாள் அவரோடு மூங்கில் தடுப்புப் பக்கம் வந்தாள்.

"இன்னொரு சீட்டு வாங்கிக்கலாங்க. ஒண்ணு வூட்டுக்கு, ரெண்டு கிழிக்க."

"வாங்கலாம்" என்றார். கவுண்டர் பத்தடியில் இருந்தது, அங்கே கூட்டமும் இல்லை. அவர் காலை எடுத்து வைக்கவில்லை. அவள் காத்திருந்தாள். அவர் கோட்டை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே புழுதியும் தலைகளும் சத்தமும்தான் தெரிந்தன. வரைபடம் மாதிரி எதுவும் தெரியவில்லை.

"என்னங்க?"

"உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியுமே, லூர்து" என்றார் யாகப்பன். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டும் முழுசா இருக்கட்டும். இந்த மாதிரி இனிமே கெடைக்காது. டீ குடிச்சிட்டு வண்டிக்குப் போயிரலாம்."

லூர்தம்மாளுக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் சூடானது. அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சீட்டை, ஒட்டும்போது பிடிக்கிற பக்குவத்திலேயே, கசங்காமல் உருவினாள். நடந்து போய்க் காக்கிச்சட்டைக்காரனிடம் நீட்டினாள். அவன் பார்க்கக்கூட இல்லை. கிழித்தான், பாதியைக் கொடுத்தான். உள்ளே போனாள்.

இடது கைப்பக்கம் வேளாண்மைக்கு அவள் போகவில்லை. ராட்டினம் நுழைந்ததுமே எதிரில் நின்றது. வானத்தில் பாதியை அதுதான் பிடித்திருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை கொடுத்து ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கீழே யாரையோ ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். அவள் தொட்டி உச்சியில் நின்று ஆடியது.

அங்கிருந்து கோட்டை வாசலின் பின்பக்கம் தெரிந்தது. வெறும் மூங்கிலும் கயிறும். அதற்கு அந்தப் பக்கம், போவோர் வருவோருக்கு வழிவிட்டு, வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கை சட்டைப்பையின் மேல். அப்படி நிற்பதை எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவரலாமா என்று தோன்றியது. ஆனால் இறங்க முடியாது. கீழே இருப்பவன் சுற்றினால்தான் உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாகப்பன்தான் முதலில் கேட்டார்.

"கண்ணாடி மண்டபம் மூணாவது தெருவுலதான?"

"அந்தப் பக்கம் நான் போவலீங்க. ராட்டினத்துல ஏறுனேன்."

"அது கடைசிலல்ல வரும்?"

"நுழைஞ்சதுமே இருக்குதுங்க."

அவர் பையிலிருந்து மலரை எடுத்து வரைபடத்தை விரித்தார். "இங்க பாரு. கடைசில போட்டிருக்குது."

"போட்டிருக்குதுங்க" என்றாள் லூர்தம்மாள். "மேல இருந்து உங்களப் பாத்தேன்."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

"கேட்டு போட்டிருக்கறப்ப நிப்பீங்களே. அதே மாதிரி."

அவர் வரைபடத்தை மடித்தார். பழைய மடிப்பில் அது படியவில்லை. அந்தி மங்கும் நேரம், பொம்மிடிக்கு முன்னால், ஜன்னலில் ஒரு கேட்டு வந்தது: பச்சியப்பன், கையில் கொடி, ஓட்டுக்கூரை, வெளியே துணி காயும் கொடியில் இவளுடைய பழைய புடவை. பார்ப்பதற்குள் போய்விட்டது. பதினோரு வருஷம் அதற்குள்தான் இருந்தோமா என்று அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். புளியமரம் மட்டும் தெரிந்தது.

நாலைந்து நாள் கழித்துப் பசை காய்ச்சினாள். யாகப்பன் பக்கத்தில் வந்து நின்றார். முழுச்சீட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். விரித்த புத்தகத்தின் இடது பக்கத்தில் ஒட்டினாள்; இரண்டு பாதிக்குமான இடம் நிறைந்தது. அந்தப் புத்தகத்திலேயே அப்படி நிறைந்தது அது ஒன்றுதான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"உன்னுத எதிர்ப்பக்கம் ஒட்டு. மறுபாதிக்கு எடம் வுடு."

போன் மணி அடித்தது. அவர் வெளியே போனார். சக்கரம் சுற்றும் சத்தம், கேட்டு இறங்கும் சத்தம், பஸ் வந்து நின்று உறுமும் சத்தம் வரிசையாகக் கேட்டன. லூர்தம்மாள் தன் அரைச்சீட்டின் மேல் விளிம்பில் பசைக் கோடு போட்டாள். பக்கத்தின் நட்டநடுவில் அதை வைத்தாள். வேட்டித் துண்டை விரித்து அழுத்தினாள். ஒட்டிப் பிடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

அப்புறம் புத்தகத்தை விரித்தபடியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாகப்பன் தண்டவாள ஓரத்தில் நின்றிருந்தார். இன்றைக்கு வண்டி வண்டியாகப் போய் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கண்டக்டர், "என்ன கேட்டண்ணா, வசூல் இல்லியா?" என்றான். அவர் திரும்பவில்லை. அவள் வந்ததும் விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"உள்ள" என்றார், "அந்த அணைக்கட்டுல தண்ணி வுழுந்துச்சா?"

"அத நான் பாக்கலீங்க. நீங்கதான் போய்ப் பாக்கணும்."

வண்டி வரும் அதிர்வு காலடியில் தெரிந்தது. லூர்தம்மாள் அவர் கையிலிருந்த பச்சைக்கொடியை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் புத்தகத்தைக் கொடுத்தாள்.