எழுதுகிறவர்கள் போன பிறகு

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் வந்த பிறகு, பெங்களூரில் இருக்கும் மகள் என்னை ஒரு மெயில் குழுவில் சேர்த்துவிட்டாள். இதே பாடு படுகிற பெண்கள் திருச்சி பக்கமிருந்து எழுதுகிற குழு. ஒருத்தர் எழுதினால் எல்லாருடைய போனுக்கும் வரும். ஐந்தாவது படித்த படிப்பில் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். நானாக ஒரு வரி எழுதியதில்லை. முகம் தெரியாதவர்கள் நடுவில் என்னத்தை எழுத.

விடிந்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திருவெறும்பூர் போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றது நினைவில் இல்லை. கதவைப் பூட்டினால் அடிக்க வருவார். தடுக்காதீர்கள், தெருமுனை வரை கூடவே போங்கள் என்று உப்பிலியபுரத்து அம்மா ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். போனேன். சற்று நேரம் நின்றோம். பஸ் எதுவும் வரவில்லை.

"இன்னிக்கு லீவு போலருக்கு. உங்களுக்கும் தெரியாதாம்மா?" என்று என்னையே கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்றிலிருந்து அந்த மெயில்கள்தான் எனக்குக் கைப்பிடி.

அப்புறம் குழுவை நடத்தும் மன்னார்புரத்து டீச்சர், இனி மெயில் வேண்டாம், ஃபோரம் என்று இணையத்தில் ஓர் இடம் திறந்திருக்கிறோம், சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாம் தனித்தனியாக இருக்கும், அங்கே வாருங்கள் என்று எழுதினார்.

"நல்லதுதானேம்மா. வேணுங்கறத மட்டும் போய்ப் பாத்துக்கலாம்" என்றாள் மகள்.

"போறதுக்கு எனக்கு நேரம் ஏதுடி? இது தானா வருது. அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சிடறேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லு."

"நான் எப்படிடி சொல்றது?"

"வாயே திறக்கலன்னா, நீ அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதும்மா."

வேறு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மெயிலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஃபோரத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது என்னைப் போல வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள். போன் சத்தமே இல்லை. ஃபோரத்துக்கும் போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்டைத் தேடி அடிப்பதற்குள் அவர் வாசல் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

இந்தச் சமயத்தில்தான் அவர் குளிக்க மறுத்தார். நான் சட்டைப் பித்தானில் கை வைத்தாலே ஒதுங்கிக்கொள்வார். தினமும் போனைப் பார்ப்பேன். ஒன்றும் வராது. அலுத்துப்போய், கடைசியில் நானே எழுதினேன்.

"குளிக்க வைக்கப் போனா, யாரும்மா நீங்க, வெளிய போங்கங்கறாரு. என்ன செய்யறதுன்னு தெரியல."

அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது. போனை அரிசி டப்பாமேல் கவிழ்த்து வைத்தேன்.

உலை கொதிக்கும்போது போன் சத்தம் கேட்டது. இதுவரை பார்க்காத பெயர்.

"அக்கா, இங்கயும் அதேதான். எனக்கும் வழி தெரியல. யாராச்சும் எழுத மாட்டாங்களான்னு தினம் பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு விரலால் பதில் அடித்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, குளிச்சிட்டுப் போங்கன்னு நாளைக்குச் சொல்லிப் பாக்கறேன். என்ன ஆச்சுன்னு எழுதறேன்."