பெரியம்மாவின் தலையில் வைத்த விளக்கு

வெண்ணந்தூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு மறதி முற்றிக்கொண்டிருந்த சமயம். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அண்ணன், அதாவது அவருடைய மகன், சேலத்துக்குக் கிளம்பினார்.

"லைட்டு வெச்சே மூளையச் சரி பண்றாங்க அம்மிணி. நீ படிச்ச படிப்புதான். வந்து பாரு."

நான் ஆராய்வது சுண்டெலியின் மூளையை. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் அது தேவை. அது பட்டால் ஒளிரும் புரதமொன்றை எலியின் மூளையில் உண்டாக்கி, மண்டையோட்டைத் துளைத்துக் கண்ணாடி பதித்து, நீல ஒளி பாய்ச்சுவோம். அசிட்டைல்கோலின் சுரக்கும் இடம் பச்சையாக மினுங்கும். பார்ப்பதற்கான வழி அது, வைத்தியமல்ல.

சேலத்தில் அந்த ஒளிச் சிகிச்சை நிலையத்தின் சுவரில் அப்படிப்பட்ட பச்சைப் படமொன்றைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் அசிட்டைல்கோலினை ஒளியால் எழுப்புகிறோம்.' வெள்ளைக் கோட்டு மாட்டிய உரிமையாளர், சிவப்பு விளக்குகள் பதித்த தொப்பியைப் பெரியம்மாவின் தலையில் கவிழ்த்தார். உள்ளே இருந்த பஞ்சு யார் யாருடைய தலை எண்ணெயிலோ ஊறிக் கறுத்திருந்தது. சிக்கு வாடை அடித்தது.

"இது எலி மூளைங்க. தலைக்கு மேல லைட்டு அடிச்சா உள்ள எப்படிங்க சுரக்கும்?" என்றேன், சுவர்ப் படத்தைக் காட்டி.

அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். "எலிக்கு ஆகறது மனுசனுக்கு ஆகாதுங்களா மேடம்?"

"சாமி, தல காந்துது," என்றார் பெரியம்மா.

குனிந்து தொப்பியைக் கழற்றினேன். நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. "நேரம் முடியலியே, ஏன் கழட்டுன?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

அடுத்த வாரம் அண்ணனே பெருமையாக அந்த நிலையத்தின் விளம்பரப் படமொன்றை அனுப்பினார். கழற்றக் குனிந்தபோது எடுத்தது; தொப்பியில் கை வைத்தபடி நான். கீழே, 'மூளை ஆராய்ச்சியாளர் நேரில் வந்து சிகிச்சை அளித்தார்.'

உரிமையாளரைப் போனில் கூப்பிட்டுப் படத்தை எடுக்கச் சொன்னேன்.

"உங்களுக்கும் விளம்பரந்தானுங்க மேடம்."

செருப்பில் அசிங்கத்தை மிதித்தது போலிருந்தது. போலீசுக்குப் போவேன் என்றபிறகு எடுத்தார். அதற்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

அண்ணனிடம் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. காரைக் கண்டாலே பெரியம்மா இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தார், அதற்கப்புறம்தான் அண்ணன் கூட்டிப்போவதை விட்டார். ஆனால் தெருவில் இன்னும் சிலர் அங்கே போகிறார்களாம்.

"உன் போட்டோவப் பாத்துட்டுத்தான் நம்பிப் போறாங்க அம்மிணி," என்றார், பாராட்டுவது போல.